இரண்டு அங்குலப் பலகை

மழைக்குச் சற்று முன்பு, காற்று நின்று இலைகள் அசையாமல் இருக்கும் நேரத்தில், எங்கள் வீட்டுப் பின்புறம் அடுக்கியிருக்கும் பலாப்பலகைகள் ஒரு மணம் விடும். புளித்த தேனும் பச்சை மஞ்சளும் கலந்ததுபோன்ற மணம். அது வந்ததும் மைனி, என் அண்ணன் மனைவி, அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடிப்போய்த் தார்ப்பாயை இழுக்கிறார். நான் மறுமுனையைப் பிடிக்கிறேன். நாங்கள் பேசிக்கொள்வதில்லை. பேசினால் இருவரில் ஒருத்தி கேட்டுவிடுவாள், இதெல்லாம் யாருக்காக என்று.

அண்ணன் போய் ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்குகிற நீங்கள் அனைவரும் அண்ணனை அறிந்தவர்கள். அந்தப் பலகைகளைப் பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆனால் கேட்டது சாவு வீட்டில், மழையில், குடைக்குள் நின்று பேசிய பேச்சு. அண்ணனுக்கும் அந்த மரத்துக்கும் இருந்தது என்ன என்று ஒருமுறை முழுதாக எழுதிவிட வேண்டும். எழுதினால் நெஞ்சு இலேசாகும் என்கிறார்கள். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது இதே வீட்டில், அருமனைக்கு மேற்கே, ரப்பர் மரங்களின் நிழலில். அப்பா பிறர் தோட்டத்தில் பால் வெட்டப் போனவர். அவர் சீக்கிரம் போய்ச் சேர்ந்ததால் அண்ணனின் படிப்பு பத்தாம் வகுப்போடு நின்றது. சென்ட்ரிங் வேலைக்குப் போனார். கான்கிரீட் ஊற்றி அது இறுகும்வரை தாங்கிப்பிடிக்க ஒரு பலகைக் கூடு அடிப்பார்களே, அந்த வேலை. இறுகியதும் கூட்டைப் பிரித்து ஒரு மூலையில் எறிந்துவிடுவார்கள். கட்டடம் நிற்கும். அண்ணன் செய்தது நிற்காது.

பிறகு கத்தாருக்கு விசா வந்தது. விசாவில் தொழில் "கார்ப்பெண்டர்" என்று இருந்தது. இளமை முழுவதையும் அண்ணன் அங்கே பலகை அடித்தும் பலகை பிரித்தும் கழித்தார். நான் கல்லூரியில் ஆங்கிலம் படித்தது அந்தப் பலகைகளின் மேல் நின்றுதான். இன்று ஒரு பள்ளியில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறேன் என்றால், அந்த மொழியின் ஒவ்வொரு சொல்லும் அண்ணன் வெயிலில் நின்று அனுப்பியது. ஒருநாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. யாரையும் குறைத்துப் பேசியும் நான் கேட்டதில்லை.

ஒரு விடுமுறையில் வந்திருந்தபோது மைனியின் சீதனக் கட்டிலில் கால் ஆடியது. அன்று சொந்தக்காரர்கள் கூடியிருந்தார்கள். மைனியின் அப்பா விளையாட்டாகச் சொன்னார்: "மருமவன் கார்ப்பெண்டர்லா? நம்ம வீட்டுக் கட்டிலுக்கு வெளிய போய் ஆசாரி தேடணுமா?"

அண்ணன் எழுந்தார். கத்தார்ப் பழக்கத்தில் பெரிய ஆணி ஒன்றை எடுத்து ஓங்கி அடித்தார். சட்டம் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் பிளந்தது.

சித்தப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "கத்தார்ல இவன் கெட்டுன கெட்டிடத்துக்குக் கீழ ஒருத்தரும் நடந்திராதீங்க, கேட்டியளா!"

எல்லாரும் சிரித்தோம். அண்ணனும் சிரித்தார். மைனி மட்டும் சிரிக்காமல் கயிறு எடுத்துவந்து பிளந்த சட்டத்தைச் சுற்றிக் கட்டினார். அதன்பின் கயிறு கட்டிய கட்டிலில்தான் படுத்தார். ஒருவேளை அண்ணனுக்குள் அந்தக் கயிறு அன்றே இறுகத் தொடங்கியிருக்கலாம்.

கடைசியில் அண்ணன் நோயோடுதான் ஊர் திரும்பினார். நுரையீரல் இறுகிக்கொண்டே போகிறது, திரும்ப இளகாது என்றார் மருத்துவர். வெளியே வந்து ஆட்டோவில் உட்கார்ந்ததும் அண்ணன் மைனியிடம் சொன்னார்: "உள்ள கான்கிரீட் போட்டாச்சு பிள்ள. இனி பலகை பிரிக்கதுதான் பாக்கி."

மைனி வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். வீடு வரும்வரை முகத்தைத் திருப்பவில்லை.

அந்த மாதமே அண்ணன் கோட்டாற்றில் ஒரு பழைய பேப்பர் கடையிலிருந்து இரண்டு புத்தகங்களோடு வந்தார். ஒன்று, என்றோ யாரோ தொழிற்பள்ளி மாணவர்களுக்காக ஆங்கிலத்தில் எழுதிய தச்சுப் பாடநூல். பக்கத்துக்குப் பக்கம் கோட்டுப் படங்கள். மற்றொன்று தமிழில், செய்யுளாக, எந்த மரம் எதற்கு ஆகும், எந்த மரம் ஆகாது என்று சொல்வது. இரண்டையும் என் மடியில் வைத்தார்.

"வாசிச்சுச் சொல்லுட்டி."

"என்னத்துக்கு அண்ணா?"

"ஆணி இல்லாத ஒரு கட்டில். உனக்க மைனிக்கு."

தினமும் பள்ளி விட்டு வந்து மாலையில் வாசிப்பேன். அண்ணன் நாற்காலியில் முன்னால் குனிந்து, மேசையில் கைகளை ஊன்றி, மூச்சை எண்ணி எண்ணி விட்டுக்கொண்டு கேட்பார். ஒரு கட்டையில் துளை, மறு கட்டையில் அதற்குள் போய் உட்காரும் நாக்கு. மூட்டும் இடத்தில் மயிரிழை இடைவெளி விடக்கூடாது. அடித்து ஏற்றக்கூடாது, கையால் அழுத்த ஏற வேண்டும். இதைக் கேட்டபோது அண்ணன் கண்களை மூடிக்கொண்டார். "அடிக்கப்பிடாதாம்" என்று தனக்குள் சொன்னார். வாழ்நாள் முழுவதும் அடித்தவர்.

புத்தகம் ஓக் மரத்தை எடு என்றது. தடி அறுக்கும் மில்லில் போய்க் கேட்டோம். மில்லுக்காரர் யோசித்தார். "ஓக்கா? அது வெள்ளக்காரன் கள்ளு ஊத்தி வைக்கப் பீப்பா செய்யுதது. இஞ்ச அயனி உண்டு, பலா உண்டு. படிக்கதுக்குன்னா ரப்பர் கொண்டு போங்க, கொள்ளாம்."

அண்ணன் ரப்பர் கட்டைகளில் பழகினார். சில நிமிடம் உளி பிடிப்பார், நெடுநேரம் மூச்சு பிடிப்பார். எத்தனையோ மூட்டுகள் பிசகின. கடைசியில் ஒரு ஸ்டூல் ஆணியில்லாமல் எழுந்து நின்றது. நான்கு காலும் தரையில் பதிந்தது. அன்று அண்ணன் அதன்மேல் உட்காரவில்லை. எதிரே உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

சில மாதங்களில் அதன் கீழே வெள்ளைப் பொடி கொட்டத் தொடங்கியது. மருந்தில் ஊறாத ரப்பர் தடியை வண்டு விடாது. எங்களுக்கு அது முன்பே தெரிந்திருக்க வேண்டும். ரப்பருக்கு நடுவே பிறந்தவர்கள் நாங்கள். ஆனால் புத்தகத்தில் ரப்பர் இல்லை. நாங்கள் புத்தகத்துக்குள் இருந்தோம். மைனி தினமும் கூட்டிக்கொண்டே சொல்வார்: "உங்க அண்ணன் தங்கச்சி படிப்பு நாளைக்கு ஒரு பிடி மாவு தருது. இன்னும் கொஞ்சம் சேந்தா புட்டு அவிச்சிரலாம்." அண்ணன் சிரிக்கப் போய் இருமினார். ஸ்டூல் ஒருநாள் தானாகவே மண்டியிட்டது.

அந்த ஆண்டுக் காற்றில் பின்புறப் பலா வேரோடு சாய்ந்தது. தமிழ்ப் புத்தகத்தைப் புரட்டினேன். காற்றில் விழுந்த மரம் மனைக்கு ஆகாது என்று செய்யுள் சொன்னது. வாசித்துக் காட்டினேன், பக்கத்தில் சித்தப்பா இருந்தார். "அப்பமே சொல்லுதேன், அத விறகுக்குக் குடு. சரிஞ்ச மரம் ஆளையும் சரிக்கும்" என்றார்.

அண்ணன் ஜன்னல் வழியாக மரத்தைப் பார்த்தார். "அதுவும் காத்துல விழுந்தது, நானும் காத்து இல்லாம விழுந்தவன். எங்க ரெண்டு பேருக்கும் சரியாவும் சித்தப்பா."

சித்திரையில் மரம் மில்லுக்குப் போய், கட்டில் சட்டத்துக்காக இரண்டு அங்குலக் கனத்தில் அறுபட்டு வந்தது. மஞ்சள் என்றால் அப்படி ஒரு மஞ்சள். அன்று மாலைதான் மரத்தைக் காயவைக்கும் பாடத்துக்கு வந்தோம். தரை தொடாமல் கல்மேல் அடுக்க வேண்டும். பலகைக்கும் பலகைக்கும் நடுவே குச்சி வைக்க வேண்டும், காற்றுப் போக. முனை வெடிக்காமலிருக்கச் சாயம் பூச வேண்டும். அடுத்த வரியில் என் குரல் நின்றது.

"என்னட்டி?"

ஓர் அங்குலக் கனத்துக்கு ஓராண்டு காய வேண்டும் என்று இருந்தது.

அண்ணன் விரலால் மேசையைத் தடவிக்கொண்டிருந்தார். இரண்டு அங்குலம். மருத்துவர் சொல்லியிருந்த காலம் எங்கள் மூவருக்கும் தெரியும். மைனி கையில் வைத்திருந்த செம்பைக் கீழே வைக்காமல் நின்றார்.

"அண்ணா, மெலிசா அறுத்திரலாமே? சீக்கிரம் காஞ்சிரும்லா?"

"மெலிசா அறுத்தா பெட்டி ஆவும் மக்கா. கட்டில் ஆவாது." சற்று மூச்சு வாங்கினார். "கத்தார்ல பச்சத் தடியத்தான் அடிச்சோம். நாளைக்குப் பிச்சு எறியதுக்கு என்னத்துக்குக் காயணும்? இது காயட்டும்."

வாசல் கேட்டுக்கு அடித்து மீந்த நீலப் பெயிண்டை முனைகளில் பூசினார். அடுக்கி முடிக்க நாள்கள் பிடித்தன. அதன்பின் அண்ணனால் மல்லாந்து படுக்க முடியவில்லை; படுத்தால் மூச்சு நிற்கும். நாற்காலியில் உட்கார்ந்து, மேசையில் தலை சாய்த்து உறங்கினார். மைனி நாற்காலிக் காலடியில் வெறுந்தரையில் படுத்தார். படுக்க முடியாத மனிதர் கட்டிலுக்குத் தடி காயவைத்துக்கொண்டிருந்தார். அதை நினைக்கும்போது எனக்குத் தெய்வத்தின் பெயர் வாயில் வர மறுக்கிறது. நினைவு மலரில் இப்படி எழுதலாமா என்று தெரியவில்லை. எழுதிவிட்டேன்.

ஐப்பசியில் அண்ணன் மருத்துவமனைக்குப் போனார். திரும்பி வந்தது மூச்சில்லாமல்.

அன்று பெய்த மழை உங்களுக்கு நினைவிருக்கும். எங்கள் பக்கத்து வழக்கப்படி வீட்டு மாமரத்தை வெட்டித் தோட்டத்திலேயே சிதை அடுக்கினார்கள். பச்சை மா, ஊறிக் கிடந்தது. பிடித்த தீ புகையாகிப் புகையாகி அணைந்தது. சித்தப்பா நனைந்தபடி வந்து தார்ப்பாயைத் தூக்கினார்.

"உணந்த தடி இஞ்ச இவ்வளவு கெடக்கு, நாம என்னத்துக்கு நாறணும்? சரிஞ்ச மரம் அவனயும் சரிச்சாச்சு. இனி அவனுக்கே ஆவட்டும்."

இரண்டு பேர் பலகையில் கை வைத்தார்கள். மைனி உள்ளேயிருந்து வந்தார். யாரும் எதிர்பார்க்கவில்லை, அடுக்கின் மேலேயே ஏறி உட்கார்ந்துவிட்டார்.

"தொடாதீங்க மாமா. அது இன்னும் காயல்ல."

"எரியும் பிள்ள, நல்லா எரியும்."

"காயல்லன்னு சொல்லுதேன்லா! இன்னும் ரெண்டு சித்திரை கழியணும். அவிய சொல்லியிருக்காவ."

தாலி இன்னும் கழுத்தில் இருந்தது. மழை தலையிலிருந்து வழிந்து கொண்டிருந்தது. சித்தப்பா தார்ப்பாயை மைனியின் தலைக்குமேல் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றார். பிறகு பலகையை விட்டுவிட்டு மாமரத்துக்கே போனார்.

அண்ணனை ஒழுங்காக எரியவிடவில்லை, மனைவிக்கு மனிதனைவிடத் தடி பெரிதாகிவிட்டது என்று பேசியவர்கள் உங்களில் இருக்கிறீர்கள். உங்கள்மேல் வருத்தமில்லை. நடந்தது இதுதான் என்று மட்டும் சொல்ல வந்தேன்.

சித்திரை வரும். பலகை காய்ந்துவிடும். நல்ல ஆசாரியைக் கூப்பிட்டு அதே கட்டிலைச் செய்துவிடலாமே என்று அன்பாகச் சொல்கிறார்கள். நானும் மைனியிடம் கேட்டேன். "ஆசாரி செய்தா கட்டில் ஆவும்" என்றார் மைனி. "எனக்குக் கட்டிலா வேணும்?"

மறைந்தும் வாழ்கிறார் என்று எழுதும் வழக்கம் உண்டு. இந்த வீட்டில் அப்படி யாரும் வாழவில்லை. காலியான நாற்காலி இருக்கிறது, எதற்கென்று தெரியாமல் காய்ந்துகொண்டிருக்கும் மரம் இருக்கிறது.

ஆயினும் நன்றி சொல்லாமல் முடிப்பது அண்ணனுக்குப் பிடிக்காது. அன்று தீ மூட்ட வீடு வீடாகத் தேங்காய்க் கதம்பையும் சிரட்டையும் சேர்த்து, முந்தானையில் மூடி நனையாமல் கொண்டுவந்த பெண்களுக்கு. சிதைக்கு மேல் தகரத்தைக் கை கடுக்கப் பிடித்து நின்ற இளைஞர்களுக்கு. பலகை இடையில் வைக்கும் குச்சிகளைக் கேட்காமலே சீவிக் கொடுத்த மில்லுக்காரருக்கு. அண்ணனுக்குத் தலையணையைச் சரியான சாய்வில் வைக்கக் கற்றுத் தந்த செவிலிப் பெண்ணுக்கு. கத்தாரிலிருந்து அழைத்து, பேச்சு வராமல் அழுத அறைத் தோழர்களுக்கு. தீ முழுதாக எரிந்து முடியும்வரை கடைசி ஆளாக நனைந்து நின்ற சித்தப்பாவுக்கு, எங்கள் குடும்பம் கை கூப்புகிறது.

ஆங்கிலப் புத்தகம் என் மேசையில் இருக்கிறது. நாங்கள் நிறுத்திய பக்கத்தில் அண்ணன் அடையாளமாக வைத்த இழைப்புச் சுருள் ஒன்று இருக்கிறது. அந்தப் பக்கத்தை நான் திருப்பவில்லை. ஏன் என்று கேட்பவர்களுக்காக, அண்ணன் என்னிடம் கடைசியாகப் பேசியதை எழுதுகிறேன்.

மருத்துவமனைக்குப் போக வேன் வந்து நின்றது. மைனி முன்னாலேயே ஏறிவிட்டார். அண்ணனை உட்கார்ந்த வாக்கிலேயே ஏற்றினார்கள். கதவை மூடப் போகையில் முகத்திலிருந்த ஆக்சிஜன் மூடியைக் கையால் நகர்த்தி என்னைக் கூப்பிட்டார்.

"ஏட்டி, அடுத்த பாடம் என்ன?"

"கட்டிலுக்குக் கால் பூட்டுதது, அண்ணா."

"படம் உண்டா?"

"உண்டு."

தலையசைத்தார். மூடியைப் போட்டுக்கொண்டார். பிறகு மறுபடியும் நகர்த்தினார்.

"நான் வந்த பெறவு வாசி மக்கா. முன்னாடி வாசிச்சிராத."