ஆறு வீட்டுக்கு மலிவாய்ச் சாமான் வாங்கிய அக்கா

அக்கா எங்களை விட்டுப் போய் இன்றோடு ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய தம்பியின் வணக்கம்.

அக்காவின் பேச்சு வந்தால் நீங்கள் எல்லோரும் முதலில் சொல்வது ஒன்றுதான்: "அவங்க வாங்குற வெலைக்கு யாராலயும் சாமான் வாங்க முடியாது." அது உண்மை. ஆனால் அந்தச் சாமர்த்தியத்தோடு ஒரு சாவும் சேர்ந்திருக்கிறது. அதை ஒளித்துவிட்டு அக்காவின் வாழ்க்கையை எழுத எனக்கு மனம் வரவில்லை.

எங்கள் பெற்றோர் திருச்சிராப்பள்ளிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். இலங்கையின் மடுல்சீமைத் தோட்டத்தில் கோப்பி அழிந்து தேயிலை வைத்துக்கொண்டிருந்த காலத்தில், கூலியாட்களின் வரிசை வீடுகளான லயத்தில் அக்கா பிறந்தார். எனக்கும் அவருக்கும் எட்டு வயது வித்தியாசம். அம்மா காய்ச்சலில் போனார். அடுத்த மாரிக்குள் அப்பாவும் போனார். அக்காவுக்கு அப்போது பதினான்கு வயது. கொழுந்துக் கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு மலைக்குப் போய் என்னை வளர்த்தார். பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார். நான் இன்று தோட்டப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருக்கிறேன் என்றால் அது அக்கா மிளகாயிலும் கருவாட்டிலும் மிச்சம் பிடித்த காசு.

அரிசி தோட்டத்தில் கொடுத்தார்கள். மற்றதெல்லாம் பெரிய கங்காணியின் கடையில் வாங்க வேண்டும். அங்கே எதற்கும் இரட்டை விலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா லுணுகலைக் கடைத்தெரு வரைக்கும் நடந்துபோய், கடை கடையாக விலை கேட்டுவிட்டு, ஒன்றும் வாங்காமல் திரும்பி வந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை லயத்திலிருந்து ஐந்து பெண்களைக் கூட்டிக்கொண்டு போனார். தனித்தனியாகக் கால் ராத்தல், அரை ராத்தல் என்று கேட்காமல், ஆறு வீட்டுக்கும் சேர்த்து ஒரு கூடை கருவாட்டை முழுதாக விலை பேசினார்.

கடைக்காரர் ஒரு முஸ்லிம் பெரியவர். எல்லோரும் அவரை நானா என்றே கூப்பிடுவோம்.

"கூடையோட எடுத்தா எவ்வளவு கொறைப்பீங்க நானா?" என்றாராம் அக்கா.

"ஏம்புள்ள, இந்தக் கடையில நீ யாவாரியா நான் யாவாரியா?" என்று சிரித்துவிட்டு அவர் குறைத்துக் கொடுத்தார்.

வண்டி வந்து புதுச் சரக்கு இறங்குவதற்கு முன்பு பழையதை மலிவாய்த் தள்ளிவிடுவார்கள் என்பதை அக்கா கவனித்து வைத்திருந்தார். ஒரு ரூபாய்க்குச் சாமான் வாங்கினால் நானா ஒரு சிவப்புச் சீட்டுக் கொடுப்பார். பத்துச் சீட்டு சேர்ந்தால் ஒரு போத்தல் தேங்காயெண்ணெய் சும்மா. ஒரு வீட்டுக்கு வருஷம் முழுக்க வாங்கினாலும் பத்து சேராது. அக்கா ஆறு வீட்டுச் சீட்டையும் ஒன்றாகச் சேர்த்து, வரும் எண்ணெயை முறை வைத்துக் கொடுத்தார். முதல் போத்தல் பொன்னாயி வீட்டுக்குப் போனது. பொன்னாயி பக்கத்து அறைக்காரி, அக்காவின் உயிர்த்தோழி. அவளுக்கு ஏழு வயதில் ஒரு மகள், காமாட்சி.

ஒரு ஐப்பசி மாதம். நானா கடையில் மிளகாய் பாதி விலை, ஞாயிற்றுக்கிழமையோடு சரி என்று வண்டிக்காரன் சொல்லிவிட்டுப் போனான். அன்று காலையில் மலை முழுக்கக் கறுத்துக் கிடந்தது.

"அக்கா, இன்னிக்கு வேணாம். அடுத்த ஞாயித்துக்கெழம போவோம்" என்றாள் பொன்னாயி.

"அடுத்த ஞாயித்துக்கெழம இந்த வெல இருக்காதுடி. வா."

போனார்கள். வாங்கினார்கள். திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. பாலம் வழியாக வந்தால் நாலு மைல் சுற்று. குறுக்குப் பாதையில் ஆறு முழங்காலளவுதான் ஓடியது. மிளகாய் மூட்டையைச் சுமப்பது பொன்னாயியின் முறை. இறங்குவதற்கு முன்பு அக்கா அவளிடம் சொன்னார்: "மொளகா நனைஞ்சா அத்தனையும் போச்சு. தலையிலயே வச்சுக்க. என்ன ஆனாலும் கைய விடாத."

நடு ஆற்றில் இருந்தபோது மேலிருந்து வெள்ளம் வந்தது. முன்னே போன நால்வரும் கரையேறிவிட்டார்கள். அக்கா ஒரு பாறையைப் பிடித்துக்கொண்டார். பொன்னாயி இரண்டு கையாலும் மூட்டையைப் பிடித்திருந்தாள். "மூட்டைய விடுடி! விட்டுட்டுக் கல்லப் புடி!" என்று எல்லோரும் கத்தினார்கள். அவள் விடவில்லை.

தேடப் போனவர்களில் நானும் ஒருவன். மூன்றாம் நாள் வெகுதூரம் கீழே ஒரு மூங்கில் புதரில் கிடைத்தாள். மூட்டையின் முடிச்சு அவள் விரல்களுக்குள் இருந்தது. பிரித்தெடுக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. அந்த மிளகாய் எந்த வீட்டுக் கறியிலும் விழவில்லை. அக்கா அதைத் தேயிலைச் செடிகளுக்கு நடுவே குழி தோண்டிப் புதைத்தார்.

பெரிய கங்காணி, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் எல்லோர் முன்னாலும், "மலிவுக்குப் போன கூட்டம் ஒரு ஆள வெலையாக் குடுத்துட்டு வந்திருச்சு" என்றார். அக்கா தலை நிமிரவில்லை. மூன்று மாதம் கங்காணி கடையிலேயே வாங்கினார். பிறகு அங்கே விலை இன்னும் ஏறியது. பெண்கள் வந்து வாசலில் நின்றார்கள்.

"நீங்க வந்தாத்தான் நாங்க போவோம்க்கா."

அக்கா போனார். அன்றுமுதல் எப்போதும் பாலத்து வழிதான். வெயிலடிக்கும் நாளிலும் அந்த நாலு மைலை யாரையும் மிச்சம் பிடிக்க விடவில்லை. சாமானை ஆறு பங்கு போடுவார். பொன்னாயி வீட்டுப் பங்கைக் காசு வாங்காமல் தானே கொண்டுபோய்க் கொடுப்பார். நாளடைவில் காமாட்சி அக்கா வீட்டிலேயே சாப்பிட்டாள். அக்காவுக்குப் பிள்ளை இல்லை. அக்காவைக் கட்டிய மச்சானும் அந்தக் குழந்தையை முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்டார்.

ஆனால் மழை பிடித்தால் அக்கா வேறு ஆளாகிவிடுவார். கொழுந்து பறிக்கும் கை அப்படியே நிற்கும். "யாரோ கூப்பிடல?" என்பார். அடுப்பில் மிளகாய் வறுக்கும் மணம் எந்த வீட்டிலிருந்து வந்தாலும் எழுந்து வெளியே போய்விடுவார். கடையில் பங்கு பேசும்போது பக்கத்தில் திரும்பி, "நீ என்னடி சொல்ற?" என்று கேட்பார். அங்கே யாரும் இருக்கமாட்டார்கள். மற்றப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள்.

ஒரு மாரியில், பட்டப்பகலில், அக்காவைக் காணோம் என்று தேடிக்கொண்டு போனேன். அந்தக் குறுக்குப் பாதையில், ஆற்றங்கரையில் நனைந்தபடி நின்றிருந்தார். தண்ணீரைப் பார்த்துக் கெஞ்சினார்: "விட்ரும்மா. போதும், விட்ரு. நான்தான் சொல்றேன், கைய விட்ரு."

"அக்கா, வாங்க" என்று தோளைத் தொட்டேன்.

"அவ இன்னும் புடிச்சுக்கிட்டுத்தான் இருக்கா தம்பி. 'விடலக்கா, விடலக்கா'ங்கிறா. ஒனக்குக் கேக்கல?"

தண்ணீர்ச் சத்தம்தான் அக்கா என்றேன். அப்படிச் சொன்னேனே தவிர, அங்கே நின்று இன்னொரு முறை காது கொடுக்க எனக்குத் தைரியம் இல்லை. அவரை இழுத்துக்கொண்டு வேகமாக மேலேறினேன். இறங்குமுன் பொன்னாயியிடம் என்ன சொன்னார் என்பதை அன்றுதான் தன் வாயால் எனக்குச் சொன்னார்.

மச்சான் காலமான பிறகும் அக்கா வேலையை விடவில்லை. காமாட்சியைத் தெமோதரைப் பக்கம் நல்ல இடத்தில் கட்டிக்கொடுத்தார். இருமல் நெஞ்சில் இறங்கிய பிறகுதான் படுத்தார். அந்த இரண்டு மாதமும் லயத்துப் பெண்கள் முறை போட்டுக் கஞ்சி வைத்துக் கொடுத்தார்கள். தோட்டத்து டொக்டர் ஐயா கூப்பிடாமலே வந்து பார்த்தார். நானா தள்ளாத வயதிலும் மகனின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து, "யாவாரி, எழும்பு புள்ள" என்று சொல்லி அழுதார். சவத்துக்குத் தோள் கொடுத்தவர்களுக்கும், மழையில் குழி வெட்டியவர்களுக்கும், தப்படித்த தம்பிமாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

காமாட்சி தன் பிள்ளைகளைப் புருஷனிடம் விட்டுவிட்டு வந்து, கடைசிப் பதினைந்து நாளும் அக்காவின் தலைமாட்டில் இருந்தாள். உயிர் போவதற்கு முந்தின நாள் மத்தியானம் அக்கா அவள் கையைப் பிடித்தார்.

"ஒங்கம்மா அன்னிக்கு வரமாட்டேன்னா. நான்தான் இழுத்துட்டுப் போனேன். மூட்டைய விடாதன்னு சொன்னதும் நான்தான் புள்ள."

"தெரியும் பெரியம்மா."

"எப்ப தெரியும்?"

"அப்பவே. லயத்துல யாரு சொல்லாம இருப்பாங்க? தெரிஞ்சுதான் ஒங்க கையால சாப்பிட்டேன்."

"அப்ப ஏன் ஒரு வார்த்த கேக்கல?"

"சின்னதுல, கேட்டா சோறு போட மாட்டீங்களோன்னு பயம். பெரியவளானதுக்கப்புறம் கேக்கத் தோணல."

வெளியே மழை பெய்தது. யார் கூப்பிடுகிறார்கள் என்று அன்று அவர் கேட்கவில்லை. தூங்கிப்போனார். மறுநாள் காலையில் மூச்சு அடங்கியது.

காரியம் எல்லாம் முடிந்து காமாட்சி புறப்பட்டபோது, நன்றி சொல்லலாம் என்று அவள் பின்னாலேயே ரோட்டுவரை போனேன். நான் வாயெடுத்ததுமே, "சொல்லாதீங்க மாமா, எனக்கு அழுக வந்துரும்" என்றாள். அதனால் அன்று சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன்.