வேளைக்கு உண்ண வாய்க்காத அண்ணன்

எங்கள் அண்ணனைப் பற்றி எழுத உட்கார்ந்தால், அவர்களை ஒழுங்காகச் சாப்பிட வைக்க எங்களால் முடியவில்லை என்பதுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. இந்த முதலாம் ஆண்டு நினைவு ஜெபத்துக்கு வந்திருக்கும் உறவினர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அண்ணன் பர்மாவின் இன்சீனில், ரயில் பட்டறைக் குடியிருப்பில், ஐந்து பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தார்கள். பட்டறையில் எழுத்தராக இருந்த அப்பா ஒரு மத்தியானம் வேலை செய்தபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார்கள், எழவில்லை. அப்போது அண்ணனுக்கு மீசைகூடச் சரியாக அரும்பவில்லை. படிப்பை விட்டுவிட்டு, போட்டாதாங் படகுத்துறைக் கிடங்கில் மூட்டைகளைச் சரிபார்க்கும் வேலைக்குப் போனார்கள். எங்கள் நால்வரையும் படிக்க வைத்தார்கள். யாரையும் கடிந்து ஒரு சொல் சொன்னதில்லை. கிடங்கில் எல்லோரும் அவர்களைக் 'கோஜி' என்றே கூப்பிட்டார்கள். பர்மிய மொழியில் அதுவும் அண்ணன்தான்.

விடியுமுன் ரயில் பிடிக்க வேண்டும். போய் இறங்கியதும் டீக்கடையில் கட்டிப்பால் டீ, ஈச்சாக்குவே என்கிற, எண்ணெயில் பொரித்த மாவுத்துண்டு. அதன்பின் வீடு திரும்பும்வரை வயிற்றில் ஒன்றும் விழாது. வந்ததும் தட்டு நிறையச் சோறு, உப்பு மீன்விழுதான ஙாப்பியில் வைத்த குழம்பு, கருவாடு. கை காயுமுன் படுக்கை. இப்படியே வருடங்கள் போயின.

ஐம்பது கடந்தபின் தலைசுற்றல் வந்தது. மருத்துவரிடம் நான்தான் அழைத்துப் போனேன். இரத்த அழுத்தம் ஏறியிருந்தது, கொழுப்பும் கூடியிருந்தது. தகப்பனுக்கு வந்த நோய் பிள்ளைக்கும் வரலாம், உப்பையும் எண்ணெயையும் குறைக்க வேண்டும், பகலெல்லாம் பட்டினி கிடந்து இரவில் ஒரேயடியாகச் சாப்பிடக் கூடாது என்றார்.

வீட்டில் மதினியிடம் அதைச் சொன்னேன். மதினி கறிச்சட்டியைத் திறந்து காட்டினார்கள்.

"எண்ண மெதக்கலன்னா மறுநாளு தாங்காது தங்கச்சி. கரண்டு வர்ற நேரத்துல ஒரு தடவதான் ஆக்க முடியுது. ஐஸ்பெட்டி சும்மா நிக்குது. நான் என்ன செய்யட்டும்?"



அண்ணன் முயன்று பார்த்தார்கள். காலையில் தாமே கரியடுப்பு மூட்டி, கீரையும் பருப்பும் வேகவைத்துத் தூக்குச்சட்டியில் எடுத்துப் போனார்கள். ஙாப்பியைத் தொடவில்லை. அடுத்த முறை பார்த்தபோது அழுத்தம் இறங்கியிருந்தது. "இவன் கல்யாணத்தப் பாத்துட்டுத்தான் போவேன்" என்று தாய்லாந்துத் தொழிற்சாலையில் இருக்கும் மகனின் படத்தைக் காட்டிச் சிரித்தார்கள்.

அது நீடிக்கவில்லை. கிடங்கிலிருந்த இளைஞர்கள் ஒவ்வொருவராக நாட்டைவிட்டுப் போனார்கள். போனவர்களின் வேலையும் அண்ணன் தலையில் விழுந்தது. தூக்குச்சட்டி திறக்காமலே வீடு திரும்பியது. எங்களைப் பார்த்துவந்த மருத்துவரும் வெளிநாடு போய்விட்டார். மாத்திரை கிடைத்தால் போடுவார்கள், கிடைக்காவிட்டால் விட்டுவிடுவார்கள். நான் கோபித்துக்கொண்டேன்.

"நேரத்துக்குத் தின்னு, நேரத்துக்குத் தின்னுங்கிற. நேரம் எங்கிட்டயா இருக்கு, தங்கச்சி?" என்றார்கள்.

கடைசி நாள் மத்தியானம், மூட்டைமேல் உட்கார்ந்து, "வாய்வு போல. ஒரு சோடா வாங்கியாங்க" என்றார்களாம். சோடா வருமுன் வேர்த்துக் கொட்டியது. கூட வேலை செய்தவர்கள் தூக்கிக்கொண்டு ஓடி, வண்டி பிடித்து மருத்துவமனை சேர்த்தார்கள். வழியிலேயே உயிர் போயிருந்தது.

அண்ணனைத் தோளில் சுமந்த அந்தப் பர்மியச் சகோதரர்களுக்கும், அடக்கம்வரை உடலைக் காக்க ஐஸ்கட்டி தேடிக் கொண்டுவந்த அண்டை வீட்டாருக்கும், ஜெபித்த போதகர் ஐயாவுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடன்பட்டிருக்கிறது. போன மாதம் எனக்கும் தம்பிக்கும் சோதித்துப் பார்த்தோம். இருவருக்கும் அழுத்தம் இருக்கிறது. புதிய மருத்துவர் அதே புத்திமதியைச் சொன்னார். கேட்டுக்கொண்டு வந்தோம்.

அன்று அடக்கத்துக்கு மகனால் வர முடியவில்லை. அவன் அங்கிருந்தே பார்க்கட்டும் என்று, கல்லறையருகே மதினி கைபேசியை உயர்த்திப் பிடித்திருந்தார்கள். மண் போட்டு முடிந்ததும் அதை முகத்தருகே கொண்டுவந்து, "சாப்டியாப்பா?" என்று கேட்டார்கள்.

"இல்லம்மா. காலையில ஒரு டீதான். இனிமே வேல முடிஞ்சுதான்."