காலடி கேட்கும் தரை

பிரார்த்தனைக் கூடத்து வாசற்படியில் ஒரு விளிம்பு தூக்கிக்கொண்டிருந்தது. வயதானவர்கள் அதில் இடறிக்கொண்டே இருந்தார்கள். ஒருநாள் பெருக்கிவிடலாமென்று சீக்கிரமே போன தையல்காரம்மா, ஒருவர் குந்தி உட்கார்ந்து அந்த விளிம்பைத் தேய்த்துச் சமமாக்குவதைப் பார்த்தாள். இவளைக் கண்டதும் களவில் பிடிபட்டவர்போல, தூசியைக் கையால் அள்ளிக்கொண்டு போய்விட்டார். யார் செய்ததென்று அவரும் சொல்லவில்லை, இவளும் சொல்லவில்லை. கடவுளுக்குத் தெரிந்தால் போதாதா?

தரை போடுகிற வேலை அவருக்கு. தரை சமமா என்று பார்க்கும் ரசமட்டத்தைக் கையிலிருந்து இறக்கவே மாட்டார் என்பதால் எல்லோரும் அவரை ‘ரசமட்டம்’ என்றே கூப்பிட்டார்கள்.

தான் குடியிருந்த மேல்மாடி வீட்டுப் பலகைத் தரை உளுத்துப்போனபோது தையல்காரம்மா அவரைத்தான் அழைத்தாள். மகள் போனிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டாள். “டைல்ஸ் போடும்மா. ஒரு தண்ணி விட்டுத் தொடச்சா கண்ணாடி மாதிரி இருக்கும். லேமினேட் பலகைல தண்ணி நின்னா உப்பிக்கும்.” நியாயமாகத்தான் பட்டது. கணவருக்குக் கண் பார்வை போய் இரண்டு வருடமாகியிருந்தது.

ரசமட்டம் கூடத்தில் நாலு டைல்ஸையும், பக்கத்திலேயே நாலு லேமினேட் பலகையையும் பரப்பினார்.

“தங்கச்சி, ரெண்டுலயும் நடந்து பாருங்க. மாப்ளே, நீங்களும் சொல்லணும்.”

“நான் எப்பய்யா உமக்கு மாப்ளையானேன்?”

“இவங்கள தங்கச்சின்னேனே, அப்பவே ஆயாச்சு. இனிமே தப்பிக்க முடியாது.”

பலகையில் நடந்தாள், டக்டக்கென்றது. டைல்ஸில் நடந்தாள். கணவரின் முகம் அவளைத் தேடி இங்கும் அங்கும் திரும்பியது.

“அதுல நடந்தா நீ இருக்கியா போயிட்டியான்னே தெரியல,” என்றார் மெல்ல. “பழைய தரை சொல்லிக்கிட்டே இருந்துச்சு.”

இத்தனை நாளும் தன் காலடியைப் பிடித்துக்கொண்டுதான் அந்த மனுஷன் நாளை ஓட்டியிருக்கிறார் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. சமையலறைக்கு மட்டும் டைல்ஸ், மற்றதெல்லாம் லேமினேட் என்று முடிவாயிற்று.

மூன்றாம் நாள் வேலை முடிந்தது. இணைப்பே தெரியவில்லை, அப்படியொரு வேலை. அவள் தண்ணீரோடு போய்க் கணவர் பக்கத்தில் நின்றாள். அவரோ சமையலறைப் பக்கம் திரும்பி, “எங்க போயிட்ட? தண்ணி கேட்டேனே!” என்று கூப்பிட்டார்.

ரசமட்டம் தலையில் கைவைத்துக்கொண்டார். பலகைக்கு அடியில், சத்தத்தை விழுங்குகிற, இருப்பதிலேயே தடித்த மெத்தைத் தாளை விரித்திருந்தார்.

“எல்லா எடத்துலயும் கீழ் வீட்டுக்காரங்க சத்தம் வருதுன்னுதான் திட்டுவாங்க தங்கச்சி. கை தானாச் செஞ்சிருச்சு.”

“விடுங்கண்ணே, பழகிக்குவார்.”

“எதுக்குப் பழகணும்?” என்றவர் கூடம் முழுவதையும் கழற்றி, மெல்லிய தாள் போட்டு மறுபடி பூட்டினார். அவள் நடந்தாள்.

“வர்றா பாரு, பட்டாளம் மாதிரி!” என்று கணவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு ஒன்பது வருடம் அந்த வீட்டில் இருந்தது. ரசமட்டமும் வரப்போக, மாப்பிள்ளையோடு வம்பளக்க இருந்தார். இன்று நினைத்தாலும் அவளுக்கு அதெல்லாம் கடவுள் கொடுத்த கொடைதான்.

கணவர் போய்ச் சேர்ந்த மறுவருடம், ரசமட்டம் தன் மகன் ஊருக்கே போகிறேனென்று சொல்லிக்கொள்ள வந்தார்.

“இனிமே இந்தச் சத்தம் யாருக்குண்ணே?” என்றாள். “அந்தத் தடிச்ச தாளையே போட்டுட்டுப் போயிடுங்களேன்.”

அவர் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: “வேணாம் தங்கச்சி. கீழ் வீட்டுல சொல்லிட்டுத்தான் ஏறி வந்தேன். காலைல உங்க நடை கேக்கலேன்னா, வந்து கதவத் தட்டுவாங்க.”