கானடிப் புழுக்கள்

அரியாலைக் கரையில் நான் சேறு அள்ள வேண்டிய இடத்தைக் காட்டியவர் அப்பா. அந்தக் கடலில் நண்டு வலை போட்டே என்னைப் பல்கலைக்கழகம் வரை படிக்கவைத்தவர். அவருக்கு வாசிக்கத் தெரியாது. மகன் கடற்புழுக்களை ஆராயப் போகிறான் என்றதும் என்னைவிட அவருக்குத்தான் அவசரம்.

கழிவுநீர்க் கான் வந்து விழும் இடத்துக்குக் கூட்டிப்போனார். கடல் வற்றியிருந்தது. சேற்றைக் காலால் அளைந்து காட்டினார்.

"முந்தித் தூண்டிலுக்கு இதிலைதான் கிண்டுறனாங்கள். விரல் மொத்தத்திலை புழு. இப்ப எல்லாம் நூல் மாதிரி. ஆனால் தொகைக்குக் குறைவில்லை. உனக்கு எண்ணத்தானே வேணும்?"

"ஓம் அப்பா."

"பிறகென்ன, அள்ளு. நிறையப் புழு எண்டால் உங்கடை வாத்திமார் நிறையப் புள்ளி போடுவினம்."

சிரித்தேன். வாளியை அவரே சுமந்து வந்தார்.

ஆய்வுகூடத்தில் சேற்றை அரித்துப் பார்த்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. எல்லாம் ஒரே இனம். கழிவு அழுகி மூச்சு முட்டும் சேற்றில் மற்றவை செத்துப்போக, தனியே பெருகுகிற சிவப்புப் புழு. கானை இப்படியே விடக்கூடாது என்று அறிக்கையில் இரண்டு பக்கம் எழுதினேன். முன்னெச்சரிக்கையாகக் கடைசியில் ஒரு வரி சேர்த்தேன். நானே கொண்டுபோய்க் கானுக்குப் பொறுப்பான அலுவலகத்தில் கொடுத்தேன். படித்தவன் செய்ய வேண்டியது அதுதான் என்று நம்பினேன்.

சில மாதங்களில் அலுவலகத்தார் கரையில் ஒரு தகரப் பலகை நட்டார்கள். மறுநாள், அப்பாவிடம் வழமையாக நண்டு வாங்கும் வியாபாரி கூடையைத் தொடவில்லை.

"குறை நினையாதையுங்கோ அண்ணை. பலகை போட்ட கரையின்ரை நண்டை நான் ஆருக்கு விக்கிறது?"

அப்பா கூடையோடு என்னைப் பலகையடிக்கு அழைத்துப் போனார்.

"வாசி தம்பி."

"இங்கு பிடிக்கப்படும் நண்டு, இறாலை உண்பதைத் தவிர்க்கவும்."

எழுத்துப் பிசகாமல் என் கடைசி வரி.

"ஆர் உதை எழுதினது?"

"நான்தான் அப்பா."

கூடைக்குள் நண்டுகள் பிறாண்டிக்கொண்டிருந்தன. பக்கத்தில் கான் கறுப்பாகக் கொட்டிக்கொண்டிருந்தது. அப்பா அதைப் பார்த்தார்.

"கானைப் பற்றி நீ ஒண்டும் எழுதேல்லையோ?"

"எழுதினனான். இரண்டு பக்கம்."

கூடையைக் கீழே வைத்தார். பலகையைச் சுற்றிப் போய் அதன் பின்பக்கத்தைப் பார்த்தார். வெறும் தகரம்.