முன்னால் நின்ற காரின் எண்

என் மனைவி பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். கண்ணில் பட்டதையெல்லாம் எண்ணுவது என் வியாதி. எண்ணைக் கண்டால் காரணிகளாகப் பிரிப்பது அவளுடையது. ஆட்டோவில் போகும்போது முன்னால் நிற்கும் காரின் எண்ணைப் படிப்பேன். ஒன்றையும் தன்னையும் தவிர வேறெதுவும் வகுக்காத பகா எண்ணா, இல்லை பகு எண்ணா என்று அவள் சொல்ல வேண்டும்.

"தொண்ணூத்தொண்ணைப் பகா எண்ணுன்னு சொல்லாத குழந்தையே கிடையாது. ஏழு பதிமூணுன்னு காட்டினா மூஞ்சி தொங்கிப்போயிடும்" என்று சிரிப்பாள்.

போன வருடம் அவள் பாலை அடுப்பில் வைத்துவிட்டு மறக்கத் தொடங்கினாள். பகலில் கூட இருக்க ஆள் போடலாம் என்றாள் அடையாறில் இருக்கும் எங்கள் மகள். நான் ஒப்பவில்லை. தினமும் பேச்சுவாக்கில் ஓர் எண்ணைக் கேட்டுப் பார்ப்பேன். ஒருநாளும் அவள் தப்பாகச் சொன்னதில்லை.

"நாலு இலக்கத்தை மனசுலயே பிரிக்கறவளுக்கு ஆள் எதுக்கு?" என்று மகளிடம் சண்டை பிடித்தேன்.

ஒருநாள் மறதிக்காகக் காட்டப்போன டாக்டரும் அவளைத் தனியாக விடாதீர்கள் என்றார். எரிச்சலோடு அவளைக் கூட்டிக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன். அடையாறு பாலத்துக்கு முன் சிக்னல் விழுந்தது.

"ரெண்டாயிரத்து நானூத்தித் தொண்ணூத்தொண்ணு" என்றேன்.

"இன்னா சார், லாட்டரி நம்பரா?" என்றார் டிரைவர்.

அவள் யோசிக்கவே இல்லை. "அம்பதோட வர்க்கத்துல ஒம்பது கம்மி. அப்போ நாப்பத்தேழு, அம்பத்துமூணு."

பெருக்கிப் பார்த்தேன். சரி.

"அம்மா கம்ப்யூட்டர் மாதிரி கீறாங்க சார்!"

டாக்டரிடமே திரும்பிப் போய்ச் சொல்லலாம் போலிருந்தது.

மந்தைவெளியில் மெட்ரோ வேலைக்காக வண்டிகளைச் சுற்றிவிட்டிருந்தார்கள். "எங்கே போறோம்?" என்று கேட்டாள். தடுப்புகளுக்கிடையே எனக்கே வழி பிடிபடவில்லை. அதனால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மயிலாப்பூரில் எங்கள் வாசலில் ஆட்டோ நின்றது. நான் இறங்கினேன். அவள் இறங்கவில்லை.

"ஏன்னா, இது யாராத்து வாசல்? சொல்லாம வந்து நிக்கறோமே, அவா என்ன நெனச்சுப்பா?"

டிரைவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாடியில் காய்ந்த அவளுடைய பச்சைப் புடவையைக் காட்டினேன்.

"நன்னா இருக்கே, யாரோடது?" என்றாள்.

வேறென்ன செய்வதென்று தெரியவில்லை. பக்கத்தில் நின்ற ஸ்கூட்டரின் எண்ணைப் படித்தேன். ஆயிரத்து அறுநூற்றுத் தொண்ணூற்று மூன்று. அவள் உதடு அசைந்தது. கொஞ்ச நேரமாயிற்று.

"நாப்பத்தொண்ணு வரைக்கும் பாத்துட்டேன். எதுவும் வகுக்கலை. பகா எண்தான்."

அப்போதும் இறங்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, "நம்ம ஆத்துக்குப் போலாம்னா" என்றாள்.

தெருவிலேயே நின்று மகளுக்குப் போன் செய்தேன். "நாளைக்கே ஆளை வரச் சொல்லும்மா."

"ஏம்ப்பா, அம்மா கணக்கைத் தப்பாச் சொல்லிட்டாளா?"

"இல்லைம்மா. சரியாத்தான் சொன்னா."