பதினோராவது வளைவில் ஜீப் நின்றது

காலை 6.10. போடிநாயக்கனூர் பேருந்து நிலையத்துக்கு வெளியே ஜீப்பில் ஏறினேன். போடிமெட்டு வரை இருபத்தாறு கிலோமீட்டர், பதினேழு கொண்டை ஊசி வளைவுகள், எனக்கு நூறு ரூபாய். மற்றவர்கள் மலைமேல் ஏலக்காய் பறிக்கப் போகும் பெண்கள், ஒன்பது பேர். தொப்பியும் கேமராவுமாக அவர்களின் தூக்குவாளிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்த எனக்கே என்னைப் பார்க்கச் சிரிப்பாக இருந்தது.

6.35. முந்தல் தாண்டி ஏற்றம் தொடங்கியது. ஓட்டுநர் ராசு முப்பது வயதுக்காரர், வாய் ஓயாதவர். வளைவுகளில் குமட்டாமலிருக்கத் தினமும் ஒரு விளையாட்டு வைப்பாராம். அன்றைக்கு ஒவ்வொரு நாட்டையும் வீட்டுச் சாமானாகச் சொல்ல வேண்டும். வெளிநாட்டில் ஒருவராவது இல்லாத வீடு அந்த வண்டியில் குறைவு என்பதால் பதில்கள் வெரசாக வந்தன. சிங்கப்பூர் வாஷிங் மெஷின்: அழுக்கெல்லாம் போய்விடும், பாதியில் மூடியைத் திறக்க முடியாது. அமெரிக்கா புதுப் போன்: வாங்கியவன் பீற்றிக்கொள்வான், சாயங்காலம் சார்ஜர் தேடி அலைவான். நம் நாடு பழைய டிவி என்றார் பக்கத்திலிருந்த பேச்சியம்மா. பக்கவாட்டில் இரண்டு தட்டு தட்டினால்தான் படம் தெரியுமாம். நானும் விழுந்து விழுந்து சிரித்தேன்.

சவுதியைச் சொல்லும்படி ராசு செல்வியைக் கேட்டார். சிலமலைக்காரரான செல்வி அதுவரை கையிலிருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏடிஎம்முப்பா. காசு குடுத்துச்சு. கார்ட முழுங்கிருச்சு.”

யாரும் சிரிக்கவில்லை. பேச்சியம்மா எனக்கு மெதுவாக விளக்கினார். செல்வியின் கணவர் நான்கு வருடமாக அங்கே லாரி ஓட்டுகிறார். பாஸ்போர்ட் முதலாளி கையில். வியாழக்கிழமை மகளுக்குக் கல்யாணம். ஊருக்கு வர பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கேட்க நேற்று அவர் முதலாளியிடம் போயிருக்கிறார். பதில் இன்று காலை தெரியும்.

7.00. பதினோராவது வளைவில் ராசு வண்டியை ஓரங்கட்டினார். சிக்னல் கிடைப்பது அங்கேதான். சவுதியில் அப்போது விடியற்காலை நாலரை, ஆண்கள் வேலைக்குக் கிளம்புமுன் வீட்டைக் கூப்பிடும் நேரம். அதற்காகத் தினமும் பத்து நிமிடம் நிற்பது இந்த ஜீப்பின் வழக்கம். தோட்டத்தில் எட்டு மணிக்குள் பேர் கொடுக்காவிட்டால் அரை நாள் கூலி போய்விடும். அன்று பத்து நிமிடம் இருபதானது. வாட்சைப் பார்த்தது நான் ஒருவன்தான். அதை நினைத்தால் இன்னும் கூசுகிறது.

போன் அடித்தது. செல்வி இறங்கிப் போய் தடுப்புச் சுவரருகே நின்று நெடுநேரம் கேட்டார். கடைசியில்தான் பேசினார்.

“சரி, விடுங்க. ஒடம்பப் பாத்துக்கங்க. கல்யாணத்தப் போன்ல பாருங்க. யாரயாச்சும் புடிக்கச் சொல்றேன்.”

திரும்பி வந்து உட்கார்ந்ததும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். விளையாட்டை ஆரம்பித்த ராசுவோ சாவியைத் திருகாமல் ஸ்டீயரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அக்கா, போன நான் புடிக்கிறேன். தாலி கட்டி முடியிறவரைக்கும் நின்னு புடிக்கிறேன். தெனமும் பதினேழு வளைவு ஒடிக்கிற கையி. ஆடாது.”

முந்தானையை எடுக்காமலே செல்வி தலையசைத்தார்.

7.50. போடிமெட்டில் இறங்கினேன். அவர்கள் போக வேண்டிய தோட்டம் கேரளப் பக்கம் இன்னும் கால் மணி தூரம். கூலி போனதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. எங்கள் ஊர்க் கல்யாணங்களில் மாப்பிள்ளை முகம் மறையும் அளவுக்குப் போன்கள் உயரும். நானும் எத்தனையோ முறை தூக்கிப் பிடித்திருக்கிறேன். யாருக்காக என்று ஒருநாளும் யோசித்ததில்லை.