அண்ணன் கற்பூரம் காட்டிய வயலின் பாட்டு

இதை எழுதலாமா, வேண்டாமா என்று மாதக்கணக்கில் தயங்கினேன். சாமி அறை சம்பந்தப்பட்ட விஷயம். ஆனால் அண்ணனின் முதலாம் ஆண்டு நினைவுக்கு வருகிறவர்கள் அவரவர் கேள்விப்பட்டதைப் பேசுவதைவிட, கூடவே இருந்த தங்கை நானே சொல்லிவிடலாம் என்று பெருமாளை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது இரும்புலியூரில். அப்பா சீக்கிரமே தவறிவிட, திருமுடிவாக்கத்தில் லேத் பட்டறையில் சேர்ந்து எங்களைக் கரையேற்றினார். ராஜகீழ்ப்பாக்கத்தில் வீடு கட்டினார். பட்டறைச் சத்தத்தில் காது பாதி போயிருந்தது. அதனால் காலை பூஜைக்குப் போனில் வைக்கும் சாமி பாட்டு தெருமுனை வரை கேட்கும்.

ஒருநாள் கை நிறைய சந்தனம், போனைத் தொட முடியவில்லை. சாமி பாட்டு முடிந்ததும் போன் தானாகவே வேறொன்றைப் போட்டது. படத்தில் நாலு பேர். இரண்டு வயலின், அதைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒன்று, தரையில் ஊன்றி வாசிப்பது ஒன்று. வார்த்தையே இல்லை. சாமி பாட்டுக்குப் பின்னால் வந்ததால் அதுவும் சாமி பாட்டுதான் என்று நினைத்துவிட்டார் அண்ணன். மெதுவாக இழையும் இடம் வந்தபோது கற்பூரத்தை ஏற்றினார். அதற்குப் பிறகு அந்த இடம் வராமல் அவர் வீட்டில் தீபாராதனை கிடையாது.

அண்ணன் மகள்தான் ஒருநாள் சொன்னாள்: "அப்பா, இது சாமி பாட்டு இல்லப்பா. எந்தக் காலத்துலயோ ஜெர்மனில ஒருத்தர் எழுதினது. பெரிய பேர்கூட இல்ல. அவரை அப்பவே மறந்துட்டாங்களாம்."

"அடப்பாவமே!" என்றார் அண்ணன். அந்த வெள்ளிக்கிழமையே பிள்ளையார் கோயிலில் அந்த ஜெர்மன்காரர் பெயருக்கு அர்ச்சனைச் சீட்டு வாங்கினார்.

"நட்சத்திரம்?" என்றார் குருக்கள்.

"தெரியல சாமி. வெளியூர்க்காரர்."

இதற்குள், அதை சர்ச் பாட்டு என்று நினைத்து, அண்ணன் மதம் மாறிவிட்டார் என்று தெருவில் பேச்சு. எந்தச் சாமியும் நமக்கு விரோதமில்லை. ஆனால் மகளுக்குச் சம்பந்தம் பேசும் நேரம். பேச்சு மேடவாக்கத்து மாப்பிள்ளை வீடு வரை போய்விட்டது. பெண் பார்க்க வந்த அன்று நான் கெஞ்சினேன்: "அண்ணா, இன்னிக்கு ஒருநாள் அதைப் போடாத. குழந்தை வாழ்க்கை."

"சரிம்மா."

வந்தவர்கள் பஜ்ஜியைத் தொடவில்லை. மாப்பிள்ளையின் அப்பா ஆரம்பித்தார்: "தப்பா நெனைக்காதீங்க சார். நீங்க சர்ச்சுக்குப் போக ஆரம்பிச்சிட்டதா..."

அண்ணனுக்கு மழுப்பத் தெரியாது. "இதான் சார் விஷயம், நீங்களே கேளுங்க" என்று சாமி அறை முன்னால் அதைப் போட்டேவிட்டார்.

மாப்பிள்ளையின் அம்மா கண்ணை மூடிக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "நாலு பேர் பேசிக்கிறாங்க. ஒருத்தர் பேச்சை ஒருத்தர் வெட்டல. எங்க வீட்ல ரெண்டே பேர், ஒருநாளாவது இப்படி..."

"ஏன், நான் உன்னைப் பேச விடறதில்லையா?" என்று குறுக்கிட்டார் கணவர்.

"பாத்தீங்களா!" என்றார் அந்த அம்மா.

சிரித்த சிரிப்பில் பஜ்ஜி காலி. கல்யாணமும் நல்லபடியாக நடந்தது.

கடைசி நாட்களில் ஆஸ்பத்திரியில் அண்ணன் காதருகே அந்தப் பாட்டைப் பிடித்துக்கொண்டிருந்தவர் சம்பந்தியம்மாதான். சம்பந்தியும் பக்கத்திலேயே இருந்தார், வாயைத் திறக்காமல். அவர்களுக்கும், இரவு பகல் பார்த்துக்கொண்ட நர்சம்மாக்களுக்கும், தோள் கொடுத்த தெருக்காரர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

படிப்பவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். அண்ணனே வயலின் வாசிப்பார் என்று பல்லாவரத்துச் சித்தப்பா இப்போதே சொல்லிக்கொண்டிருக்கிறாராம். வாசித்ததில்லை. கேட்டார், அவ்வளவுதான்.